குணாவின் பகல் விரதம்

போன ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தம்போயில் ஒரு கல்யாணப் பந்தி. என் தம்பி குணா வாழை இலையில் சோற்றைக் குவித்துக்கொண்டு சாம்பாருக்குக் கை காட்டுகிறான். அதுவும் பட்டப்பகலில்!

நேராகப் போய் அவன் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு குணாவுக்கு வயிற்றில் ஒட்டிய பை வழியாகத்தான் கழிவு போகிறது. பிழைத்து எழுந்தவன் பகலில் சாப்பிடுவதையே விட்டான். முருகனுக்கு நேர்த்திக்கடன் என்று நானே முடிவு கட்டி, சொந்தபந்தம் பூராவிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். பகலில் என் வீட்டுக்கு வந்தால் ஒரு பிஸ்கட்கூட நீட்ட மாட்டேன். சாமி விஷயமாயிற்றே!

"டேய், விரதம் என்னடா ஆச்சு?"

"என்ன விரதம்? அது நீயா வச்ச பேரு, அக்கா." அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான். "சாப்பிட்டா பை ரொம்பும் லா. சிங்கப்பூர் வேலைக்குப் போற பஸ்சு பாலத்துல ஜாம்ல மாட்டுனா எங்க போறது? ஒருவாட்டி பஸ்லயே லீக் ஆயிருச்சு. பக்கத்துல இருந்த ஆளு மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அன்னையிலேர்ந்து பயம். வீட்டுக்கு வந்துதான் சோறு."

அலமாக், என்ன காரியம் செய்தேன்! பக்தி என்று நான் ஊரெல்லாம் பரப்பியது... இவன் பசியையா?

நோயாளி சோறு வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்க வேண்டாமா? சாமி பெயரைப் போட்டு மூடிவிடுவதா?

"இப்ப மட்டும் எப்படிடா?"

சட்டைக்கு மேலேயே தட்டிக் காட்டினான். பையின் மேல் ஐம்பது காசு அளவில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறதாம். பை நிரம்பத் தொடங்கினாலோ கசிந்தாலோ போனுக்குச் செய்தி வந்துவிடுமாம்.

"சில நேரம் சும்மா குனிஞ்சாலே கத்தும். பரவால்ல... முன்கூட்டியே சொல்லிருதுல்ல?"

நம் கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச், தின்றதைக் கரைக்கச் சொல்லி விரட்டுகிறது. இவனுடைய சென்சாரோ பயப்படாமல் சாப்பிடு என்கிறது!

அதற்குள் அவன் போன் அதிர்ந்தது. "அஞ்சு நிமிசம்க்கா," என்று எழுந்து போனான்.

பந்தியில் பாதியில் எழுந்தவன் திரும்ப உட்காரக்கூடாது என்பது எங்கள் குடும்பத்துச் சட்டம். எதிரில் இருந்த அத்தை முகத்தைச் சுளித்தார். பரிமாறியவர் இலையை மடிக்கக் கை நீட்டினார்.

"இலையத் தொடாதீங்க! என் தம்பி இன்னும் சாப்பிட்டு முடிக்கல!"

பந்தியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று, அவன் இலையில் பாயசத்தையும் ஊற்றச் சொன்னேன்.