துக்க மணியும் இங்கிலாந்துச் சந்நியாசிகளும்

லண்டனில் இருக்கும் என் தம்பி வருடத்தில் ஒருமுறை பெட்டி அனுப்புவான். சொக்லேற், கால்வலிக்குப் பூசும் களிம்பு, குளிர்ச்சட்டை. தீவில் குளிர்ச்சட்டை எதற்கு என்று அவனிடம் நாங்கள் கேட்பதில்லை. பெட்டிக்குள் சாமான்கள் ஆடாமலிருக்க இடைவெளிகளில் பழைய புத்தகங்களைச் செருகிவிடுவான். அவன் வாசிக்கிறவன் இல்லை. தடிப்பைப் பார்த்துத்தான் வாங்குவான். அப்படி ஒருமுறை வந்த புத்தகங்கள் எல்லாம் ஒரே சாதியாக இருந்தன. அட்டையில் தலையை மூடிய அங்கிக்காரர் ஒருவர், கல் வளைவு, மெழுகுதிரி. உள்ளே பல நூறு வருடங்களுக்கு முந்திய இங்கிலாந்து, அங்கே ஒரு சந்நியாசிகள் மடம், அந்த மடத்துக்குள் ஒரு கொலை.

அன்றோடு எனக்கு விசர் பிடித்தது. நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். பாடப்புத்தகத்து ஆங்கிலத்தை மென்று மென்று சலித்துப்போயிருந்த நேரம் அது. ஊர்காவற்றுறைப் பக்கத்தில், கடலை நம்பிப் பிழைக்கும் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்த மடங்கள் புது இடமாகத் தெரியவுமில்லை. அங்கேயும் மணி அடித்தால் எழும்புகிறார்கள், மணி அடித்தால் செபிக்கிறார்கள். தபசு காலத்தில் உப்பிட்ட மீனைத் தின்று தின்று அந்தச் சந்நியாசிகள் முகத்தைச் சுளிக்கும் இடங்களில் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வளவில் கருவாடு காயாத நாள் குறைவு.

இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் கைரேகை பார்க்க ஆளில்லை, தொலைபேசி இல்லை. மடத்துக் களஞ்சியத்தையோ குசினியையோ பார்க்கிற ஒரு சந்நியாசி எல்லாரிடமும் கேட்டுக் கேட்டே கண்டுபிடிப்பார். அடுத்தவன் விசயத்தில் மூக்கை நுழைப்பது அங்கே ஒரு புண்ணிய காரியம். எனக்கு அது பிறவியிலேயே வந்த குணம். என் கணவர் அதிகாலையில் கடல் தொழிலால் வந்து, மீனைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் படுக்கும்போது என் கையில் புத்தகத்தைக் கண்டால், "சி.ஐ.டி. மதர் இண்டைக்கு ஆரைப் பிடிச்சவா?" என்று கேட்பார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமும் அப்படித்தான் இருந்தேன். கதையில் மடத்து மணி அடிக்கக்கூடாத நேரத்தில் அடிக்கிறது. அந்த இடத்தில்தான் எங்கள் கோயில் மணியும் அடித்தது.

துக்க மணி. அதைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. ஒரு அடி, அந்த ஒலி முழுக்க அடங்கும்வரை பொறுத்து அடுத்த அடி. செத்தது ஆணென்றால் கடைசியில் விரைவாக மூன்று அடி சேர்ப்பார்கள். மூன்றும் கேட்டது. என் கணவர் எழும்பி உட்கார்ந்து சிலுவை போட்டார். "ஆர் மோசம் போனது?" என்றார். அதே கேள்வியோடு வீடு வீடாகத் தொலைபேசி அடித்தது. நெடுங்காலமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் கிழவர் ஒருவர் வீட்டு வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர் தலையணையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாராம். "எனக்கு இன்னும் அடிக்கேல்லை, போங்கோ" என்று எல்லாரையும் கலைத்துவிட்டார்.

ஊரில் ஒருவரும் சாகவில்லை. வெளியூரிலிருந்தும் செய்தி இல்லை. கோயிலைப் பார்க்கும் மூப்பர் அந்த நேரம் மண்கும்பானில் தங்கச்சி வீட்டில் இருந்திருக்கிறார். திரும்பி வந்ததும், "காத்தாயிருக்கும்" என்றார்.

"காத்து துக்க மணி அடிக்குமே, மூப்பர்? கடைசி மூண்டும் சேத்து?"

"பிள்ளை, உமக்கு வேற வேலை இல்லையே?"

இருந்தது. ஆனால் கால் கோயிலடிக்குத்தான் போயிற்று. எங்கள் மணி கோயிலுக்கு வெளியே இரண்டு தூண்களுக்கு நடுவில் தொங்குகிறது. பிள்ளைகள் இழுத்து விளையாடாமலிருக்க அதன் கயிற்றைத் தூணில் உயர ஒரு கொளுக்கியில் கட்டிவைப்பது வழக்கம். மூப்பரின் கட்டு எனக்குத் தெரியும். அவிழ்க்கப் பல்லும் வேண்டும், கெட்ட வார்த்தையும் வேண்டும். அன்று கொளுக்கியில் இருந்தது வேறு கட்டு. கயிற்றின் வாலை மடித்து ஒரு காது விட்டிருந்தது. இழுத்தால் ஒரே இழுவையில் அவிழும். வலையோடு பழகிய கை கட்டியது என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

அன்று பின்னேரம் முழுக்க யோசித்தேன். அந்தப் புத்தகங்களில் முதல் சில பக்கங்களுக்குள் பிணம் கிடக்கும். கொன்றவனைத்தான் தேட வேண்டும். இங்கே மணி இருக்கிறது, பிணம் இல்லை. அப்படியென்றால், மணி அடிக்கப்படாமல் போன சாவு எது? கேள்வியை அப்படித் திருப்பிப் போட்டதும் விடை வந்தது. ஊரில் அப்படி ஒருவர் இருந்தார்.

எங்கள் வேலிக்கு அடுத்த வேலி. யுத்த காலத்தில் அந்த வீட்டு மகன் கடல் தொழிலுக்குப் போனார். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. என் கணவரும் அவரும் ஒன்றாகத் திரிந்தவர்கள். காணாமல்போனபோது அவர் கலியாணம் முடித்துச் சொற்ப காலம்தான், பிள்ளை இல்லை. வீட்டில் இப்போது இருப்பது அவருடைய மனைவியும் தாயும். மனைவி பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவ. நான் அக்கா என்று கூப்பிடுவேன். இன்றைக்கும் தாலி போட்டிருக்கிறா, நிறச் சீலைதான் உடுக்கிறா. முன்பொருமுறை பங்குச் சுவாமி காணாமல்போன மகனுக்கு ஒரு இரங்கல் பூசை வைப்போமா என்று மெல்லக் கேட்டிருக்கிறார். "என்ர பிள்ளைக்குத் துக்க மணி அடிக்கிற கையை நான் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டுத் தாய் மாதக்கணக்கில் கோயிலுக்கே வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை.

ஆகவே அடித்தது மனைவிதான் என்று தீர்த்துக்கொண்டேன். காத்திருந்து சலித்தவவுக்கு நோக்கம் இருக்கும், துணிவும் இருக்கும். முடிச்சை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன். அக்கா வேலணையில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவ. வலையைத் தொட்டதே இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து அக்காவோடு நடந்து வந்தேன். தாய் முன்னே போய்விட்டா. நான் மணியைப் பற்றி வாய் திறந்ததுமே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"நான் நேற்று யாழ்ப்பாணத்தில. ரீச்சர்மாருக்குப் பயிற்சி. பின்னேர பஸ்சிலதான் வந்தனான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீர் இதை ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரியாதேயும். மாமியின்ர காதில விழுந்தா, தன்ர பிள்ளைக்குத்தான் ஆரோ அடிச்சவை எண்டு நினைப்பா. அவ தாங்கமாட்டா."

"நீங்கள், அக்கா?"

அவ என் கையை விட்டா. "எனக்கு எப்பவோ தெரியும். அவர் வரமாட்டார். மாமி காத்திருக்கிறா, அதால நானும் காத்திருக்கிறன். தாலியைக் கழட்டினா அவவைத் தனிய விட்ட மாதிரி."

தங்கள் வீட்டு வாசலில் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டா. நான் போகவில்லை. படலையடியில் நின்றபடியே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூவரசோடு அவர்களுடைய ஆடு கட்டியிருந்தது. கயிற்றின் வாலை மடித்து ஒரு காது விட்டிருந்தது.

இப்படி ஒரு இடம் எல்லாப் புத்தகத்திலும் வரும். சந்நியாசிக்கு விளங்கிவிடும், வாசிக்கிற எனக்கு உடம்பு புல்லரிக்கும், சந்தோசமாகவும் இருக்கும். அன்று சந்தோசம் கொஞ்சமும் இல்லை. ஆனால் கேட்காமல் இருக்கவும் ஏலவில்லை. பொய் சொல்லி என்ன, கேட்காவிட்டால் எனக்கு நித்திரை வராது.

அடுத்தநாள் பின்னேரம் தாய் கரையில் கிழிந்த நண்டு வலையைப் பொத்திக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் மணலில் இருந்தேன். "பெரியம்மா, நீங்கள் கட்டுற கட்டு வடிவு" என்று மட்டும் சொன்னேன்.

வலை ஊசி நின்றது. என்னைப் பார்க்காமல், "கயித்தைப் பாத்தனியோ?" என்றா.

"ஓம்."

"மருமகள் இல்லாத நாளாப் பாத்துத்தான் போனனான். ஆம்பிளையளும் நித்திரை." ஒரு கண்ணியை இழுத்து இறுக்கினா. "நான் காத்திருக்குமட்டும் அந்தப் பிள்ளை அசையாது, அது எனக்குத் தெரியும். நான் செத்தாப் பிறகும் தனிய இருந்து காத்திருக்கும். அதுக்கு முந்தி இதை நான் முடிச்சு வைக்கவேணும். வாயால சொல்ல ஏலாது, பிள்ளை. மணியை அடிச்சுக் கேட்டா நெஞ்சு தாங்குதோ எண்டு ஒருக்காப் பாத்தனான்."

"தாங்கிச்சுதே?"

"தாங்கேல்லை. ஆனாச் சாகவும் இல்லை."

அங்கிக்காரச் சந்நியாசி என்றால் மடத்து மண்டபத்தில் எல்லாரையும் கூட்டி, நடந்ததை ஒன்றொன்றாகச் சொல்லி முடித்துவிடுவார். எனக்கு இரண்டு பேருடைய மனமும் தெரியும், இரண்டையும் சொல்ல வழியில்லை. ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் கொட்டினால் அது கோள். சொல்லாவிட்டால், ஒரே கூரைக்குக் கீழே ஒருத்திக்காக ஒருத்தி காத்திருந்தே இரண்டு பேரும் முடிந்துபோவார்கள்.

"பெரியம்மா, அடுத்தமுறை தனியப் போகாதேங்கோ. அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அவள் தாங்குவாளோ?"

"தாங்குவா."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"எனக்கு மூக்கு நீளம், பெரியம்மா."

அவ சிரிக்கவில்லை. ஊசியை எடுத்துப் பொத்தத் தொடங்கினா. நானும் எழும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. வேலிக்கு மேலால் நான் எட்டிப் பார்த்த பார்வைக்கு என் கழுத்து நீண்டிருக்க வேண்டும். பிறகு ஒருநாள் காலை, நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போது, மணி அடித்தது. ஒரு அடி, அடங்கும்வரை பொறுத்து அடுத்த அடி. பிறகு நின்றுவிட்டது. ஏலாமல் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். நெடுநேரம் கழித்துக் கடைசி மூன்று அடியும் கேட்டன. கயிறு இழுத்துப் பழகாத கை; மூன்றும் மூன்று மாதிரி விழுந்தன.

என் கணவர் குசினி வாசலில் கோப்பையோடு நின்றார். "அவனுக்கே?" என்றார். நான் தலையாட்டினேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினார். கண்ணுக்கு முன்னால் கதிரையில் கிடந்த சட்டையை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று எந்த வீட்டிலும் தொலைபேசி அடிக்கவில்லை. எல்லாரும் பேசாமல் கோயிலடிக்கு வந்துகொண்டிருந்தார்கள். மூப்பரும் ஒரு பக்கமாக நின்றார். தாய் மணித் தூணோடு சாய்ந்து நிலத்தில் இருந்தா. அக்கா அவவுக்குப் பக்கத்தில், கயிற்றைக் கையில் சுற்றியபடி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றா. இரண்டு பேரும் அழுது முடித்திருந்தார்கள். தாய் என்னைக் கண்டதும் கையைக் காட்டிக் கூப்பிட்டா.

"பிள்ளை, கயித்தைக் கட்டிவிடு. அவளுக்குக் கட்டத் தெரியாது, எனக்குக் கை நடுங்குது."

வாங்கிக் கொளுக்கியில் கட்டினேன். கண்ணீர் மறைத்ததால் முதல் கட்டு வழுக்கிவிட்டது. இரண்டாம் முறை அவ கட்டுகிற மாதிரியே வாலை மடித்துக் காது விட்டேன். அவ கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தா. "இன்னும் இறுக்கு," என்றா. "இனி எனக்கு இதை அவிழ்க்கத் தேவையில்லை."