சம்பந்தியம்மாவும் விட்டு விட்டுப் பெய்த மழையும்

எங்கள் சந்தில் சலவைக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு வாய் ஓயாது. பக்கத்துத் தையல் கடையில் உட்கார்ந்து வருடக்கணக்காகக் காது கொடுத்த நான் சொல்கிறேன், நம்பலாம். அப்படிப்பட்டவள் மகனின் கல்யாணத்தில் ஊமையாகிவிட்டாள். மருமகள் வெளிநாட்டுக்காரி, சம்பந்தியம்மாவுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வரும்போதெல்லாம் அக்கா சமையலறைக்கு ஓடினாள்.

"எனக்குத் திமிருன்னு நினைச்சிருப்பாங்கடி" என்று அதன்பிறகு என்னிடம் புலம்பாத நாளில்லை. இப்போது மருமகள் முழுகாமல் இருக்கிறாள். குழந்தை பிறப்பதற்குள் சம்பந்தியிடம் நாலு வார்த்தை நேராகப் பேசிவிட வேண்டும், எப்போதும் மகனை நடுவில் நிறுத்திக்கொண்டிருக்கக் கூடாது என்று பிடிவாதம்.

"மழை வெயிலைப் பத்திப் பேசும்மா. அதுல சண்டையே வராது" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். தூறினால் டிரிஸ்லிங், கொட்டினால் ஹெவி ரெயின், வானம் வெளுத்தால் கிளியரிங் அப், விட்டு விட்டுப் பெய்தால் ஆன் அண்ட் ஆஃப். அக்கா இஸ்திரி போட்டபடியே மனப்பாடம் செய்தாள். சட்டைக் காலர்களுக்குக்கூட இங்கிலீஷ் வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் அழைத்து, போனைத் தன் மாமியாரிடம் கொடுத்தான். துணைக்கு நானும் மொட்டைமாடியில் நின்றேன். "டுடே சன்னி" என்று அக்கா ஆரம்பித்ததும் அவள் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. கொடி நிறைய விடுதிக்காரர்களின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள்.

"ஐயையோ!" போனைத் துணிக்கூடைக்குள் போட்டாள். விரிப்புகளை உருவி உருவி அதன் மேலேயே போட்டாள். வாய் மட்டும் நிற்கவில்லை. "டிரிஸ்லிங்! டிரிஸ்லிங்! நோ நோ, ஹெவி ரெயின்! வெயிட், கிளியரிங் அப்!" சுள்ளென்று வெயில் அடித்தது. ஒரு விரிப்பை மறுபடி கொடியில் போட்டாள்; உடனே மழை பிடித்துக்கொண்டது. "ஆன் அண்ட் ஆஃப்! சனியன் பிடிச்ச ஆன் அண்ட் ஆஃப்!"

நனைந்த கோழிகளாக இருவரும் கூடையோடு படிக்கட்டில் ஒண்டினோம். அப்போதுதான் கூடைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா பதறிப்போய்த் துணிகளை வாரிப் போட்டாள். சம்பந்தியம்மா கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இங்கேயும் ஆன் அண்ட் ஆஃப்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, தன் வீட்டு ஈரத்துணிக் குவியலைத் தூக்கிக் காட்டினாள். அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தாள். பார்த்த எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

மறுநாள் மகன் கூப்பிட்டான். "அம்மா, அத்தை உன் நம்பரை வாங்கிக்கிட்டாங்க. இனிமே நடுவுல நான் வேண்டாமாம்."

அவன் பேசி முடிப்பதற்குள் இன்னொரு அழைப்பு வந்தது. சம்பந்தியம்மாதான்.

"நீ வைடா" என்றாள் அக்கா.