பத்துப் பேருக்காக எழுதிய மனு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். அதனால் எங்கள் தெருவில் எந்த மனுவானாலும் என் கையால்தான் போகும். டிரான்ஸ்பார்மர் புகைந்தால் மின்வாரியத்துக்கு, குழாயில் தண்ணீர் வராவிட்டால் கலெக்டருக்கு, படகுத்துறையில் மண் மேடு தட்டினால் மீன்வளத் துறைக்கு. நடந்ததை நடந்தபடி எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புவேன். பல மனுக்களுக்குப் பதில் தாமதமாக வந்தது. சிலவற்றுக்கு வரவே இல்லை. ஆனால் உண்மையை எழுதியதற்காக எங்களை யாரும் தண்டித்ததில்லை. அதை முதலில் செய்தது ஒரு விளையாட்டுக் கம்பெனி.

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. இங்குள்ள படகுகள் தங்கல் போகிறவை. ஒருமுறை போனால் கரை திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். என் அண்ணன் வேலை பார்க்கும் படகிலும் பக்கத்துப் படகிலுமாகப் பத்துப் பேர், ஆறு வருடத்துக்கு முன் ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், வேலையில்லாமல் கிடந்த இரண்டு மாதத்தில், செல்போனில் அந்த விளையாட்டைப் பிடித்தார்கள். பதினோரு பேர் ஓர் அணி. அணிக்கு ஒரு கோட்டை. அதைக் காக்க வேண்டும், அடுத்தவன் கோட்டையை உடைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பதினோராவது ஆள் கிடைக்காமல் அண்ணன் என்னிடம் வந்தான்.

"ஏளா, வேற ஆளில்லாமத்தான் உன்னச் சேக்கேன். பயந்து ஓடி ஒளிஞ்சேன்னு வையி, நானே உன்னச் சுட்டுருவேன்."

"மொதல்ல உனக்கு எந்தப் பக்கம் சுடணும்னு தெரியுமாண்ணே?" என்று கேட்டேன்.

இரண்டே மாதத்தில் அணித் தலைவி நான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மேப்பில் இருக்கும் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக மட்டும் என்னைத் தலைவி ஆக்கவில்லை. நான் நன்றாக விளையாடினேன்.

கடலுக்குப் போகும்போது யாரும் நல்ல போனைக் கொண்டுபோக மாட்டார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் போயிற்று, கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் டவரும் கிடையாது. போன்கள் வீட்டில்தான் இருக்கும். ஐந்து வருடமாக அதில் ஒரு சிக்கலும் இல்லை. கரைக்கு வந்தால் விளையாடுவார்கள், போனால் கோட்டை அப்படியே காத்திருக்கும்.

போன வருடம் கம்பெனி ஒரு புதிய விதி கொண்டுவந்தது. அணியில் இருக்கும் ஒவ்வொருவரும் தினமும் ஒருமுறை உள்ளே வந்து கோட்டையில் விளக்கேற்ற வேண்டும். ஒருவர் மூன்று நாள் வராவிட்டால் ஒரு சுவர் இடியும். மனிதர்கள் போனை விட்டு நகரக் கூடாது என்பதைத் தவிர இந்த விதிக்கு வேறு காரணம் இல்லை. கம்பெனியின் ரசிகர் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் திட்டினார்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். கம்பெனி அந்தப் பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டு, ரசிகர்கள் விரும்பிக் கேட்டதால் இந்த மாற்றம் என்று அறிவித்தது. யார் கேட்டார்கள் என்று நான் எழுதியதும் அழிக்கப்பட்டது.

முதல் தங்கலுக்குப் படகு போன மறுநாள் காலையில் மதனி அண்ணனின் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அந்த வெளக்க ஏத்தி விடு. செவரு இடிஞ்சிட்டுன்னா வந்ததும் என் தலையிலதான் இடிப்பாவ."

அடுத்தடுத்த நாட்களில் மற்ற ஒன்பது போன்களும் வந்தன. அம்மா கருவாடு காயப்போடும் பனையோலைப் பாயில் வரிசையாகப் பரப்பிவைத்து, தினமும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொன்றாகத் திறந்து விளக்கேற்றுவேன். அரை மணி நேர வேலை. கடலுக்குப் போனவனின் வேலையைக் கரையில் இருப்பவர் பார்ப்பது எங்கள் ஊரில் யாரும் யோசித்துச் செய்கிற காரியமல்ல. ரேஷன் வாங்குவதும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவதும், கோயில் வரிப் பேச்சுக்கு நிற்பதும் பெண்கள்தான். இதுவும் அப்படி ஒன்று என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒன்பது மாதம் இப்படி ஓடியது. கோட்டைப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு எங்கள் அணி முதல் தடவையாகத் தகுதி பெற்றது. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் போன்களைத் திறந்தேன். பத்து ஐடியும் முடங்கிக் கிடந்தன. என்னுடையதும்தான். "இயந்திரத்தால் இயக்கப்படும் போலிக் கணக்குகள்" என்று காரணம் போட்டிருந்தது. அண்ணன் போலியாம். வலை இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப்போய், தொடுதிரை அவன் விரலை உணராமல் இரண்டு தடவை தட்டித் தட்டி விளையாடுகிறவன் இயந்திரமாம்.

படகுகள் கரைக்கு வந்ததும் பத்துப் பேரும் எங்கள் வீட்டு முன்னால் கூடினார்கள். எனக்குப் பதற்றமே இல்லை. மனு எழுதத் தெரிந்தவள் நான். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். எங்கள் தொழில் என்ன, போன் ஏன் வீட்டில் இருக்கிறது, தினமும் காலையில் அவற்றை யார் திறக்கிறார்கள், எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். கீழே பத்துப் பேரும் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருவரான படகு டிரைவர் மாமா தன் பெயருக்கு அடியில் மீனவர் அடையாள அட்டை எண்ணையும் எழுதினார். அதைப் படம் பிடித்து அனுப்பினேன்.

நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. "விதிமீறலை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஒருவரின் கணக்கை மற்றவர் இயக்குவது குற்றம். பதினோரு கணக்குகளும் நிரந்தரமாக முடக்கப்படுகின்றன."

தற்காலிகமாக இருந்ததை என் மனுதான் நிரந்தரம் ஆக்கியது. அதையும் நானே அவர்களுக்கு வாசித்துக்காட்டினேன்.

இரண்டாவது கடிதம் இன்னும் கோபமாகப் போனது. இரண்டு வருடத்துக்கு முன், கரையில் கட்டியிருந்த படகின் முன்பக்க அணியத்தில் அவர்கள் பத்துப் பேரும் போனோடு உட்கார்ந்திருந்ததை நான் ரசிகர் பக்கத்தில் போட்டிருந்தேன்; அந்தப் படத்தைக் கம்பெனி எங்களைக் கேட்காமலே எடுத்துத் தன் விளம்பரத்தில் போட்டுக்கொண்டது. கடலோரத்திலும் எங்கள் குடும்பம் என்று அதற்கு ஒரு வாசகம். அந்தக் குடும்பத்தைத்தான் இயந்திரம் என்கிறீர்கள் என்று எழுதினேன். அதே பதில், எழுத்து மாறாமல் வந்தது. கடிதத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே இயந்திரமாக இருந்தது யார் என்பதும்.

அண்ணன் வேறு வழி விசாரித்துக்கொண்டு வந்தான். இறுதிச் சுற்றுக்கு ஐந்து நாள் இருந்தது.

"ஏளா, ஐடி போன பயலுவ எல்லாவனும் ஒண்ணுதான் சொல்லுதான். யாரோ திருடிட்டான்னு போடணுமாம். போட்டா அன்னைக்கே திருப்பிக் குடுத்துருதானாம்."

"பொய் சொல்லச் சொல்லுதியா?"

"நீ உண்மைய எழுதி என்னத்தக் கிழிச்ச?"

டிரைவர் மாமா அவனை அதட்டினார். "ஏலே, அந்தப் பிள்ளைய ஏன் வையுத? அது சரியாத்தான் எழுதிச்சு. வாசிச்சவனுக்குத்தான் அறிவு இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா மக்கா, வேற வழி இருந்தாச் சொல்லு" என்றார்.

என்னிடம் வேறு வழி இல்லை. திருட்டுப் புகாருக்கென்று ஒரு படிவம் இருந்தது. பத்துப் பேரின் ஐடியையும் எழுதினேன். கடைசியில் ஒரு கட்டம்: இதைச் செய்ததாக நீங்கள் சந்தேகப்படும் ஐடி. அதை நிரப்பாமல் படிவம் போகவில்லை. ஏதோ ஒரு பெயரை எழுதிப் பார்த்தேன், அதுவும் போகவில்லை. அந்தப் பத்து ஐடியும் திறக்கப்பட்ட எங்கள் வீட்டு இணைய இணைப்பிலிருந்து வந்த ஐடியாக இருக்க வேண்டும். அந்தப் பத்தைத் தவிர அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறு வருடமாக விளையாடிய என் ஐடியை அந்தக் கட்டத்தில் எழுதினேன். அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"உன்னுதப் போடுத?"

"வேற யாருதப் போட?"

போடாதே என்று அவன் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. துறைமேட்டில் வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நின்றபடி தமிழில் வாசித்தேன். "உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் கணக்குகளை மீட்டுவிட்டோம். இந்தத் திருட்டைச் செய்தவர் இனி எங்கள் விளையாட்டில் ஒருபோதும் அனுமதிக்கப்பட மாட்டார். நேர்மையாகத் தெரிவித்ததற்கு நன்றி."

"நேர்மையா தெரிவிச்சோம்னா போட்டிருக்கான்?" என்று கேட்டார் மாமா.

"அப்படித்தான் போட்டிருக்கு மாமா."

யாரோ சிரித்தார்கள். பிறகு பத்துப் பேரும் போனை எடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

இறுதிச் சுற்றில் என் இடத்தில் மதனியின் தம்பி விளையாடினான். தோற்றார்கள், ஆனால் கேவலமாகத் தோற்கவில்லை. அண்ணன் தன் போனை நீட்டி, "எனக்குப் பதிலா நீ ஆடு, யாருக்குத் தெரியப்போவுது" என்றான். நான் வாங்கவில்லை. திருடி என்று நானே எழுதிக்கொடுத்திருக்கிறேன், அதை உண்மையாக்கவும் வேண்டுமா?

என்னைத் தின்பது ஐடி போனது அல்ல. நடந்ததை நடந்தபடி அந்தக் கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது, எழுத முடியவில்லை. எழுதினால் அந்தப் பத்துப் பேரின் கோட்டையும் போய்விடும். என் கையெழுத்தை நம்பி இத்தனை வருடம் வந்தவர்களை வைத்தே கம்பெனிக்காரர்கள் என் வாயை அடைத்துவிட்டார்கள். நான் எழுதியிருக்கும் இதில் கம்பெனியின் பெயரும் இல்லை, எங்கள் ஊரின் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அந்தக் கம்பெனிக்கு மரியாதை கொடுத்துப் பெயர்களை மறைக்கவில்லை; அடையாளம் தெரிந்தால் பத்துப் பேரின் ஐடியும் மறுபடி போய்விடும்.