இதயத்தின் மேலுறை

மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்காக ஓர் இதயத்தின் மேலுறையை விலக்கும்போது அப்பாவின் விரல்கள் ஞாபகம் வந்தன. ஆரியசாலையில் இறைச்சி வெட்டுபவர் அவர். எட்டாம் வகுப்பில் டீச்சர் கேட்டாரென்று ஆட்டின் இதயமொன்றை வாழையிலையில் பொதிந்து பள்ளிக்கே கொண்டுவந்தார். சட்டையெல்லாம் கொழுப்பு வாடை. மெல்லிய சவ்வை நகத்தாலேயே கிழியாமல் உரித்துக் காட்டினார்.

"இது உன் அச்சனா?" என்று மலையாளத் தோழி கேட்டாள்.

"இல்ல, கடைக்காரர்" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஆமா மக்களே, கடையிலேருந்துதான் வாறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அதைப்பற்றிக் கேட்கவேயில்லை.

பல வருடங்கள் கழித்து என் பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிட்டேன். "கடையில ஆளில்ல, நீ போயிட்டு வா மக்களே" என்றார்.

அன்று கடைக்கு விடுமுறை. அது எனக்கும் தெரியும். இருந்தும் நான் வற்புறுத்தவில்லை.