பதினொரு மணிக்கு அளந்த பூங்கா

நான் எழுதிய ரிப்போர்ட்டை ஒருவர் மைக்கில் வாசித்து நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டுப் பக்கம் ஒரு சமுதாயக் கூடம், ஞாயிற்றுக்கிழமை காலை. லேஅவுட் போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் கிளப்புக்குக் குத்தகைக்கு விட்டு, அங்கே கட்டிடம் கட்ட அனுமதிக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். நான் அப்போது நகர சர்வேயர். எல்லை பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்வதற்காக என்னைப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

கிளப் செயலாளர் வாசித்தார். "மேற்படி இடம் நேரில் தணிக்கை செய்யப்பட்டது. முட்புதர் மண்டியுள்ளது. பழுதடைந்த வேலிக்கால்கள் இரண்டு உள்ளன. பொது உபயோகத்தில் இல்லை." பேப்பரை மடித்துவிட்டு, "இது நான் சொல்லலீங்க. சர்வேயர் மேடம் எழுதினது. தோ, இங்கதான் இருக்காங்க" என்று என்னைக் காட்டினார்.

சொல்வதற்கென்ன, எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சர்வேயர் ரிப்போர்ட்டையெல்லாம் யார் வாசிக்கிறார்கள்?

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். பெயர் தேவகி என்று பிறகு தெரிந்துகொண்டேன். வீட்டில் இரண்டு தறி போட்டிருப்பவர். மைக்கை நீட்டினார்கள், வாங்கவில்லை.

"அது வேலிக்காலு இல்லம்மா. நாங்க பாவு கட்டுற காலு. நீங்க எத்தினி மணிக்கு வந்து பாத்தீங்க?"

"பதினோரு மணி இருக்கும்" என்றேன்.

பாதிக் கூடம் சிரித்தது. அந்த நேரத்துக்குப் பாவு வேலை முடிந்து இடம் காலியாகத்தான் கிடக்கும் என்று ஊருக்கே தெரியும். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் நெசவு வீட்டுக்காரர்கள்.

வேலிக்கால்

எங்கள் பிரிவுக்குத் தனி வண்டி கிடையாது. இன்ஜினியர்கள் சைட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் ஜீப் எங்கள் கைக்கு வரும். அதனால் என் ஃபீல்டு இன்ஸ்பெக்‌ஷன் எல்லாமே பதினொரு மணிக்குத்தான். டேப்பைப் பிடிப்போம், புலப்படம் என்கிற நில வரைபடத்தோடு ஒத்துப் பார்ப்போம், வெயில் தாங்காமல் வண்டிக்கு ஓடி வந்துவிடுவோம்.

பாவு என்பது புடவையின் நீளவாக்கு இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன் அதை நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்து, பிறகு சுருட்டி எடுத்துப் போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். தெருவில்தான் விரிப்பார்கள். அந்தப் பகுதியில் தெருவின் இரண்டு பக்கமும் கார் நிற்க ஆரம்பித்த பிறகு, பதினைந்து இருபது வீட்டுக்காரர்கள் பூங்கா இடத்துக்கு மாறிவிட்டிருக்கிறார்கள்.

நான் திருமுக்கூடல் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் தறி இல்லை. ஆனால் அது ஒரு சாக்கா? காஞ்சிபுரத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். தெருவில் பாவு கட்டியிருந்தால் எரிச்சலோடு ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் போயிருக்கிறேன். அதே கால்களைப் பாவு இல்லாமல் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கூட்டத்தில் நடந்தது

ஒருவர் நல்லவர், ஒருவர் கெட்டவர் என்று அந்த விவாதத்தைப் பிரிக்க முடியாது. ஒரு தாய் எழுந்து சொன்னார்: "பொழுது சாஞ்சா அங்க குடிக்கிறவனுங்கதான் குந்திக்கினு இருக்கானுங்க. கிளப்பு வந்தா லைட்டாவது வரும். என் பொண்ணு ஷட்டில் ஆடுறா. அவ எங்க போவா?"

தேவகி திரும்பிப் பார்த்தார். "ஆடட்டும்மா, யாரு வேணான்னா? மெம்பர் ஆனாத்தானே உள்ள வுடுவாங்க? காலைல அஞ்சு மணிக்கு நான் பாவு தூக்கிக்கினு வந்தா கேட்டு தெறப்பாங்களா?"

"ரிக்வெஸ்ட் லெட்டர் குடுங்கம்மா, டைம் ஒதுக்கித் தரோம்" என்றார் செயலாளர். மரியாதையாகத்தான் சொன்னார்.

"மழைக்காலத்துல என்னிக்கு விரிப்பேன்னு எனக்கே தெரியாது சார். லெட்டர்ல இன்னான்னு எழுதுறது? கட்டடம் நடுவுல வந்துச்சுன்னா நீளமே போயிடும். பாவு விரிக்கலன்னா தறி நின்னுடும். அவ்ளோதான்."

தலைமை வகித்த பெண் கவுன்சிலர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. எடம் உபயோகத்துல இருக்குதா, இல்லியா?"

"மறுபடி பாத்துட்டுச் சொல்றேன் மேடம்" என்றேன். அதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நிமிடத்திலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஸ்கூட்டியிலேயே போனேன். அரக்கு நிறப் பாவு ஒரு காலிலிருந்து இன்னொரு கால் வரை விறைப்பாக நின்றது. ஆறேழு பேர் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாக்கிங் போகிறவர்கள் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். டேப்பை எடுத்தேன்.

"குனிஞ்சு வாங்கம்மா, இழை மேல பட்டுடப் போவுது" என்றார் தேவகி. நேற்றைய கோபம் அவர் குரலில் இல்லை. வேலை நேரம், அதனால் இருக்கலாம்.

கால்களுக்கு நடுவே அறுபத்தெட்டு அடி. கிளப்பின் பிளானை வைத்துப் பார்த்தால் கட்டிடத்துக்குப் பிறகு மிஞ்சுவது முப்பத்தொன்று. முட்புதர் ஓரத்தில் மட்டும்தான். நடுவில் மண் மொழுமொழுவென்று மிதிபட்டுக் கிடந்தது. முதல் நாள் அதை நான் பார்க்காமலா இருந்தேன்? பார்த்தேன். யார் மிதித்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

மெமோ

உதவிப் பொறியாளர் என்னைவிடச் சின்னவர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "மேடம், ரிட்டயர்மென்ட்டுக்கு மூணு வருஷம்தான் இருக்குது. 'மறு ஆய்வு தேவை'ன்னு ஒரு வரி போட்டு அனுப்பிடுங்க. மொத ரிப்போர்ட்டு தப்புன்னு நீங்களே எழுதினீங்கன்னா மெமோ உங்களுக்குத்தான் வரும்."

இரண்டு நாள் அந்த ஒரு வரியை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள், 'எனது முந்தைய அறிக்கை தவறானது. இடம் அன்றாடம் பொது உபயோகத்தில் உள்ளது' என்று எழுதி, அறுபத்தெட்டு அடியையும் ஸ்கெட்ச்சில் குறித்துக் கொடுத்தேன். அவர் சொன்னபடியே மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். கண்டனம் என்று சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏற்றினார்கள்.

கிளப் கோரிக்கை திருப்பி அனுப்பப்பட்டது. பாவு இன்றும் அங்கேதான் விரிக்கிறார்கள். லைட் இன்னும் வரவில்லை. ஷட்டில் ஆடும் பெண்ணின் தாய் என்னைக் கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஒரு இடத்தைக் காலி என்று எழுதுவதற்கு முன் விடிகாலையில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கேளுங்கள்.

எனக்கு இது தெரிந்தது கடைசி மூன்று வருடத்தில்தான். அதற்கு முன் 'பொது உபயோகத்தில் இல்லை' என்ற அதே வரியை எத்தனை இடத்துக்கு எழுதினேன் என்று கணக்கில்லை. ஓய்வு பெற்ற பிறகு தூக்கம் சரியாக வருவதில்லை. நாலரைக்கே எழுந்து, நினைவில் இருக்கிற இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறேன். போன மாதம் ஓரிக்கை ரோட்டுப் பக்கம் அப்படி ஓர் இடத்துக்குப் போனேன். ஆள் உயரத்துக்கு மேல் சுவர், பெரிய இரும்புக் கேட். வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "யாரைப் பாக்கணும்மா?"

யாரை என்று எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்தை அளக்க வந்த அன்றைக்கே, இங்கே யார் வந்து போகிறார்கள் என்று நான் விசாரித்திருக்க வேண்டும்.