அம்மா அழாத காலை

"அழுவறதுக்குக்கூடவா இங்கிலீஷ் படிக்கணும்?"

'பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்' என்று நான் உரக்கப் படித்ததற்குப் பொருள் கேட்டு, திடீரென்று வெடித்து அழுவது என்று நான் சொன்னதும், அப்பாவின் அக்கா இப்படிக் கேட்டாள். நான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அத்தையும் நெய்வேலி டவுன்ஷிப்பில் தெருப் பெருக்கும் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தார்கள். "எங்க செட்டுல ஒரு எடம் காலியா இருக்குது. எவ்ளோ நாளு இவ படிச்சிக்கினே இருப்பா? அனுப்பி வையி" என்றாள் அத்தை. "ரிசல்ட்டு வரட்டும் அண்ணி" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான்.

நேரில் பார்த்ததை வைத்துத்தான் வாக்கியம் எழுத வேண்டும் என்பது எங்கள் ஆங்கில ஆசிரியையின் கண்டிப்பு. "நெனைக்கறதுக்கு முன்னாடி அழுகை வந்துடணும், அதான் பர்ஸ்ட்" என்பார். நான் அழுகிறவர்களைத் தேடி அலைந்தேன். ஒரு சாவு வீட்டில், பஸ் கிடைக்காத கதையைத் தெருமுனை வரை பேசி வந்த பெண்கள் வாசலை மிதித்ததும் ஒரே குரலாக அழுதார்கள். அது தானாக வந்ததா, வரவழைத்ததா? பல நாள் யோசித்தும் விளங்கவில்லை. வாக்கியத்தை எழுதாமலே பரீட்சை முடிந்துவிட்டது. அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை.

ரிசல்ட் வந்த காலை, பிரவுசிங் சென்டரிலிருந்து நேராக அவர்கள் பெருக்கும் பிளாக்குக்குச் சைக்கிளை மிதித்தேன்.

"பாஸாடி?"

"எல்லாத்துலயும்மா. இங்கிலீஷ்லதான் அதிகம்."

இதோ அழப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். துடைப்பம் கை நழுவியது. அம்மா சிரித்தாள். தோள் குலுங்க, நிறுத்த முடியாமல், சாலையோரக் கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். அத்தை பதறி ஓடி வந்தாள். "இன்னாடி ஆச்சி ஒங்கம்மாவுக்கு? பாஸா ஃபெயிலா, சொல்லித் தொலயேன்!"

"அண்ணி," மூச்சு வாங்கியபடி அம்மா சொன்னாள், "அந்த எடத்துக்கு வேற ஆளப் பாருங்க."

உள்ளே அடைத்துக்கிடப்பது எந்த வழியாக வெளியே வரும் என்பது உடையவளுக்கே தெரியாது போலும். அத்தனை வருடம் அம்மா எதை அடக்கி வைத்திருந்தாள் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வருடங்கள் கழித்து, இந்தத் திங்கட்கிழமை குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். முதல் வகுப்பில், என் அம்மா திடீரென்று வெடித்துச் சிரித்ததை ஆங்கிலத்தில் ஒரு வரியாகக் கரும்பலகையில் எழுதினேன். "நீங்களும் பார்த்ததை மட்டும் எழுதுங்க" என்று சொல்லித் திரும்பினேன். இரண்டாவது பெஞ்சில், அந்தப் பள்ளியிலேயே படிக்கும் அத்தையின் பேத்தி அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தாள்.