நிரம்பியபடியே இருந்த கிளாஸ்

1976 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. ஆறரைக்கு எழுந்தேன். எட்டு மணிக்குச் சந்தைக்குப் போய் ஆட்டிறைச்சியும் கத்தரிக்காயும் வாங்கி வந்தேன். பத்தரைக்கு முன்னறையைக் கூட்டி, மெல்பேர்ணில் ஆகஸ்ட் குளிர்காலம் என்பதால் ஹீட்டருக்குப் பக்கத்தில் நான்கு கதிரைகளைப் போட்டேன்.

ஒரு மணிக்கு விருந்தினர் வந்தார்கள், கணவனும் மனைவியுமாக. அவன் ஊரில் என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவன். என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். மெல்பேர்ண் வந்து எட்டு மாதம். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். நகரத்தின் மறுபக்கம் ஃபுட்ஸ்கிரேயிலிருந்து கிளென் வேவர்லியில் எங்கள் வீடுவரை, தான் வாங்கிய முதல் காரை ஓட்டி வந்திருந்தான். அந்த மகிழ்ச்சிக்காக ஒரு விஸ்கிப் போத்தலைத் திறந்தேன்.

அந்த நாட்களில் வெள்ளி மாலைகளில் நான் ஒரு மதுச்சாலையில் பகுதிநேர வேலை பார்த்தேன். வெறியேறியவருக்கு ஊற்றினால் முதலாளிக்கு மட்டுமல்ல, ஊற்றியவனுக்கும் தண்டம் என்று முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். அங்கே ஒவ்வொரு முறையும் புதுக் கிளாஸ். யார் எத்தனை குடித்தார் என்பது எனக்குத் தெரியும். "போதும்" என்று சொல்ல ஒருநாளும் கூசியதில்லை.

வீட்டு வழக்கம் வேறு. விருந்தாளியின் கிளாஸ் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது. அவன் கதைத்துக்கொண்டிருக்கும்போதே போத்தலைச் சரித்துவிட வேண்டும். நானும் சரித்துக்கொண்டே இருந்தேன்.

"இஞ்சேருங்கோ, அவரைச் சாப்பிட விடுங்கோவன்," என்று குசினி அடுப்படியிலிருந்து என் மனைவி இரண்டு முறை சொன்னாள்.

ஐந்து மணிக்கு அவன் புறப்பட எழுந்தான். கோட்டின் கைக்குள் கையை விடப் போய் இரண்டு தடவை தவறினான்.

"தம்பி, எவ்வளவு குடிச்சனீ?"

"ஒரு கிளாஸ்தானே அண்ணை! உங்களுக்கு முன்னாலதானே குடிச்சனான்."

அவன் சொன்னது பொய்யில்லை; கிளாஸ் ஒன்றுதான், நான்தான் அதைக் காலியாக விடவில்லை. போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது. அதில் என் பங்கும் உண்டு. ஆகவே நானும் ஓட்ட முடியாது. எங்கள் மனைவியர் இருவருக்கும் ஓட்டத் தெரியாது.

வீட்டில் ஊற்றிக் கொடுத்தவனையும் சட்டம் பிடிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே அவன் மனைவி முன்பே காரில் ஏறி, வயிற்றில் கை வைத்தபடி காத்திருந்தாள். சட்டத்தைப் பற்றி அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

"திறப்பைத் தா, தம்பி," என்று கார்ச் சாவிக்காகக் கையை நீட்டினேன்.

"என்ன அண்ணை, விருந்துக்குக் கூப்பிட்டுப்போட்டு, எனக்கு வெறியெண்டு சொல்லுறியளோ?"

"ஓம். ஊத்தினது நான். பிழை என்ரை. இண்டைக்கு இஞ்சை படுங்கோ."

அவன் ஆதரவு தேடி, திறந்திருந்த வாசல் வழியே காரிலிருந்த மனைவியைப் பார்த்தான். அவள் மெதுவாகக் காரைவிட்டு இறங்கினாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு தலையணை தருவியளோ? சரிஞ்சு படுக்கத்தான் ஏலும்."

"நாலு தாறன், வா பிள்ளை," என்றாள் என் மனைவி.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் திறப்பை மேசையில் வைத்தான். இரவு சாப்பிடும்போது உப்பைக்கூட என் மனைவியிடம்தான் கேட்டான். விருந்தாளியை இப்படி நோகடித்துவிட்டேனே என்று நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். பிறகு பக்கத்து அறையில் பெண்கள் இருவரும் எதற்கோ சிரிப்பது கேட்டபோதுதான் மூச்சு வந்தது.

ஞாயிறு காலை, தேநீருக்கும் முன்பாக, முதல் வேலையாக ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரோடு வெளியே போனேன். அவன் காரின் முன்கண்ணாடி முழுவதும் உறைபனி. பாதி துடைத்திருப்பேன்; பின்னால் செருப்புச் சத்தம்.

"விடுங்கோ அண்ணை, கை விறைச்சுப்போகும்," என்று துணியை என்னிடமிருந்து வாங்கி, மற்றப் பாதியை அவன் துடைத்தான்.